கடல்பக்கத்து எண்

1. எட்டும் ஆறும்

நான் பார்க்காத ஓர் எண்ணை எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கப்பல் சர்வேயர் வேலையில் இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. சொல்வதற்கு எத்தனையோ கப்பல் இருக்கிறது. ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஒரு கப்பலைத்தான்.

நிலக்கரி மூட்டையில் வருவதில்லை, குவியலாக வருகிறது. அத்தனையையும் தூக்கி வைக்கத் தராசு கிடையாது. ஆகவே கப்பலையே தராசாக்கிவிடுகிறோம். சுமை இருந்தால் கப்பல் அமிழும், இறக்கினால் எழும். எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்ட அதன் உடம்பில் முன், நடு, பின் என்று மூன்று இடங்களில், இரண்டு பக்கமும், எண்கள் எழுதியிருக்கும். ஆக ஆறு இடம். ஆறையும் படித்து, கணக்குப் போட்டு, உள்ளே சரக்கு இத்தனை டன் என்று சொல்வதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். எண் ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் உயரம், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் இடைவெளி. எண்ணின் காலைத் தண்ணீர் தொட்டால் ஓர் அளவு, தலையைத் தொட்டால் வேறோர் அளவு. அந்தக் கப்பலுக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது ஐம்பத்தேழு டன். விரல் அகலத்துக்குள் இரண்டு லாரி மறைந்து நிற்கும்.

கரைப்பக்கத்து மூன்று எண்ணையும், கப்பலைக் கட்டி நிறுத்தும் பெர்த்தில் நடந்தபடியே படித்துவிடலாம். கடல்பக்கத்து மூன்றைப் படிக்கப் படகு வேண்டும். எங்களுக்குப் படகு ஓட்டியவர் சேவியர் அண்ணன். ஐம்பத்தைந்து வயது, கடற்கரை ஊர்க்காரர். ஒரு கையால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கப்பலின் இரும்பை, மாட்டைத் தடவுவதுபோலத் தடவிப் படகை நிறுத்துவார். நான் படிக்கும்போது அவரும் சேர்ந்து படிப்பார். அவருக்கும் எனக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்ததே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முத்தையாபுரத்தில் எங்கள் சபையின் ஆறு மணி ஆராதனையில் செய்தி கொடுக்க வேண்டியது என் முறை. எங்கள் போதகரான ஐயர் வேறு சபையில் திருவிருந்து நடத்தப் போயிருந்தார். கப்பலை விடியும்போதே பெர்த்தில் கட்டிவிட்டார்கள். எட்டு மணிக்கு சர்வே, ஒன்பதுக்குச் சரக்கு இறக்கத் தொடங்க வேண்டும். ஆராதனை ஏழேகாலுக்கு முடிந்துவிடும், ஹார்பருக்குப் போக இருபது நிமிடம். எந்த இடைஞ்சலும் இல்லை.

செய்தி, ஆண்டவரைப் பின்பற்றுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி. வாரம் முழுக்கத் தயாரித்திருந்தேன். நன்றாகப் பேசினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். முடிந்ததும் வாசலில் நின்று கை குலுக்கினேன். "அண்ணே, உள்ளத்த அறுத்துட்டிய," என்றார் ஒருவர். இன்னொருவர் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தார். போனேன். காப்பியோடு பாராட்டையும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாமதமாகிறது என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. எழுந்திருக்க மனமில்லை.

பெர்த்துக்கு வந்தபோது எட்டே முக்கால். முக்கால் மணிநேரம் காத்திருந்த சேவியர் அண்ணன், வெளியே நங்கூரத்தில் நின்ற வேறொரு கப்பலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வர ஒரு மணிநேரம் ஆகும். கரையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கப்பலின் நான்கு கிரேனும் கரைப்பக்கம் கை நீட்டிக்கொண்டு, நிலக்கரி அள்ளும் கிராப்களைத் தொங்கவிட்டபடி நின்றன. காலை வெயிலில் அது நான்கு நாரைகள் குனிந்து நிற்பதுபோல் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அத்தனை எடையும் ஒரு பக்கம் நீண்டு நின்றால் கப்பல் அந்தப் பக்கம் மயிரிழையாவது சாயுமே என்று நினைக்கவில்லை. ஒரு சர்வேயர் நினைத்திருக்க வேண்டியது இரண்டாவதை.

போன் அடித்தது. எங்கள் முதலாளி முத்துமாலை அண்ணாச்சி. "ஏலே ஜெபா, ஒம்பதுக்கு கிராப் எறங்கணும். முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அண்ணாச்சி," என்றேன்.

அதற்குப் பிறகுதான் கரைப்பக்கத்து எண்களைப் படித்தேன். நடுவில், பன்னிரண்டு மீட்டர் எண்பதைக் காட்டும் எட்டின் கீழ்வட்டம் தண்ணீருக்குள் இருந்தது: பன்னிரண்டு எண்பத்தாறு. கப்பலில் சரக்குக்குப் பொறுப்பான அதிகாரியான மேட், இராத்திரி முழுக்கத் தூங்காத சிவந்த கண்களோடு வந்து, கப்பல் நேராகத்தான் நிற்கிறது, சாய்வில்லை என்றார். ஆகவே கடல்பக்கமும் அதே எண்தான் இருக்கும் என்று அதே மூன்றையும் திருப்பி எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்பதுக்குச் சரியாக கிராப் இறங்கியது.

இந்தத் தொழிலில் இதற்கென்று ஒரு பேச்சு உண்டு: கரையில் நின்று கடலை எழுதுவது. இது நான் மட்டும் செய்வதல்ல, ஊரே செய்வதுதான். காற்று அதிகம், படகு வரவில்லை, அவசரம் என்று வருடத்தில் நாலைந்து முறை எல்லோரும் எழுதுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

2. பதினேழு லாரி

ஐந்தாம் நாள் கப்பல் காலியானது. கடைசி சர்வேயை வேறொரு படகில் போய் ஒழுங்காகச் செய்தேன். ஆறு எண்ணும் என் கண் பார்த்தவை. முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்தால் கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு வந்துவிடும். அது வந்தது. துறைமுக வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையின் மொத்தமும் வந்தது. எடைமேடை, என் அளவைவிட நானூற்றைம்பது டன் குறைவாகச் சொன்னது.

சரக்கு வாங்கியவர்கள், அவ்வளவுக்கான பதினேழு லாரி எங்கே என்று கேட்டார்கள். கப்பல் கணக்கு சர்வேயர் போட்டது, இரண்டு கையெழுத்து உள்ளது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. எடைமேடையில் உட்கார்ந்திருந்தவர்மேல் சந்தேகம் விழுந்தது. பகல் ஷிப்ட் முழுக்க அங்கே இருந்தவர் ஆறுமுகநயினார். ஏரல் பக்கத்து வயற்காட்டுக் கிராமத்துக்காரர், நாற்பது வயது, வேலைக்காக முத்தையாபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். ஒரே பஸ்ஸில் போய் வருவோம். எடை போடாமல் லாரியை விட்டிருக்கிறார் என்று சொல்லி அவருடைய ஹார்பர் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ் இல்லாதவனுக்கு இந்த ஊரில் வாசலுக்கு அப்பால் எதுவும் கிடையாது. விசாரணை முடிந்ததும் போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் பேச்சு இருந்தது.

எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். முழுதாகத் தெரியாது. மண்டையின் ஒரு மூலையில் அந்தக் காலை வெயிலும் நான்கு நாரைகளும் நின்றுகொண்டே இருந்தன. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. லாரிக்காரர்கள் எதையும் செய்வார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் இரண்டாம் பிடியோடு கையைக் கழுவிவிடுவேன். காலையில் ஜெபிக்க முழங்கால் போட்டால் அன்றைக்கு வர வேண்டிய கப்பல்களின் பெயர்கள்தான் வாயில் வந்தன.

3. பாதி ஜெபம்

பாஸ் போன ஒன்பதாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், நயினார் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி ஜாய்ஸ் டீ கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஒரு டீக்குக்கூட டிரைவர்மார்ட்ட கை நீட்டினவன் இல்ல அண்ணாச்சி. பஸ்ல பாத்திருப்பிய, ஒங்களுக்குத் தெரியும்," என்றார்.

தெரியும் என்றேன்.

"எங்க சாஸ்தாட்டயும் போயிச் சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே இந்தச் சாமி அந்தச் சாமின்னு பாக்கதுக்கு இல்ல. நீங்க நாலு பேருக்கு ஜெபம் பண்ணுதவுக. எனக்கும் ஒரு வார்த்தை ஒங்க சாமிட்ட சொல்லுங்க. அந்தப் பதினேழு லாரி எங்கன போச்சுன்னு மட்டும் வெளிய வரட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

தலையைக் குனிந்து காட்டினார். எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை. வேலை இல்லாத நாளிலும் வேலைக்குப் போகிறவனைப்போல் சீவியிருந்தார். அந்தத் தலையில் என் கையை வைத்தேன். அன்புள்ள பரமபிதாவே என்று தொடங்கினேன். உண்மையை வெளிப்படுத்தும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உண்மை என் சட்டைப் பைக்குள் இருந்துகொண்டு என்னையே பார்த்தது. இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆமென் என்று முடித்துவிட்டேன்.

நயினார் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணீர் தனக்காக என்று நினைத்துக்கொண்டார். "எனக்காக அழுதியளே அண்ணாச்சி," என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கும்பிடுபோல் எதுவும் வலித்ததில்லை. சிலுவை சிலுவை என்று சபையில் பேசுவோம். நோய் ஒரு சிலுவை, குடிகாரக் கணவன் ஒரு சிலுவை, ஒத்துவராத மருமகள் ஒரு சிலுவை என்று வந்து விழுந்ததற்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் நினைத்தால் எடுக்கலாம், நினைத்தால் விடலாம் என்ற ஒன்று. சுமப்பதைப் பற்றிப் பேசிப் பாராட்டு வாங்கிய நான், அதை இரண்டு தெரு தள்ளி இருந்தவர் தோளில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

ஜாய்ஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஜெபம் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நயினார் குடிக்காமல் விட்ட டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"மொதல்ல அந்தப் பக்கம் எத்தனை இருந்துச்சுன்னு தெரிஞ்சிட்டு வாங்க," என்றாள். "எண்ணு தெரியாம மன்னிப்புக் கேட்டா அவரு பாஸு திரும்பி வந்துருமா?"

4. சேவியர் அண்ணன் கண்டது

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. படகுத்துறைக்குப் போனேன். சேவியர் அண்ணன் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீசாக உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முந்தின அந்தக் கப்பல் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"மறக்குமா? முக்கா மணிநேரம் ஒங்களுக்காக அந்த எண்ணையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். போட்டுல வேற என்னத்தப் பாக்க?"

நடுவில் எத்தனை என்று கேட்டேன்.

"ஆறு முழுசா முங்கி, அதோட தலையில தண்ணி நின்னிச்சு. எட்டு அதுக்கு மேல அரைச் சாண் ஒசரத்துல காஞ்சு நின்னிச்சு. பன்னெண்டு எழுவது." கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க எத்தனை எழுதுனிய?"

"எண்பத்தாறு."

கரையில் தண்ணீருக்குள் நின்ற எட்டு, கடலில் காய்ந்து நின்றிருக்கிறது. பதினாறு சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டு பக்கத்தின் சராசரியில் எட்டு சென்டிமீட்டர் தவறு. எட்டை ஐம்பத்தேழால் பெருக்கினேன். நானூற்றைம்பத்தாறு டன். பதினேழு லாரியும் வந்து வரிசையாக நின்றன. அவை எங்கேயும் போகவில்லை. வரவே இல்லை. கிரேன்கள் கரைப்பக்கம் கை நீட்டி நின்றதில் கப்பல் மயிரிழை சாய்ந்திருக்கிறது. நான் அதற்குள் இல்லாத நிலக்கரியை எழுதியிருக்கிறேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்ட்ட யாரு கேட்டா? போட்டுக்காரன்ட்ட எவன் எண்ணு கேக்கான்?" என்றார். பிறகு சிரித்தார். "நானும் அஞ்சு மணிப் பூசை கண்டுட்டுத்தான் தம்பி அங்கன வந்து நின்னேன். எங்க சாமி அஞ்சே முக்காலுக்கு விட்டுட்டாரு. ஒங்க சாமி எட்டரை வரைக்கும் பிடிச்சு வச்சிக்கிடுவாரோ?"

என் சாமி ஏழேகாலுக்கே விட்டுவிட்டார் அண்ணே, நான்தான் வரவில்லை என்றேன்.

அவர் சிரிப்பதை நிறுத்தினார். இன்ஜின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, யாரிடம் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றார்.

5. அலைக்கு வாய் கிடையாது

திங்கட்கிழமை காலை முத்துமாலை அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். அவர் பனங்காட்டுப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துக்காரர். மாசம் தவறாமல் திருச்செந்தூர் போய் வருவார், நெற்றியில் திருநீறு அழிந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கேலியாகப் பாதிரியாரே என்று கூப்பிடுவார். என் இருபத்திரண்டு வயதில் கையைப் பிடித்துக் கப்பல் ஏணியில் ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம். கடல்பக்கத்து மூன்று எண்ணையும் நான் பார்க்கவில்லை, கரைப்பக்கத்தைப் பார்த்துப் போட்டுவிட்டேன் என்று இருந்தது. இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எவனுக்காவது காட்டினியா?"

இல்லை என்றேன்.

"அப்பம் கேளு. வேற ஒண்ணு எழுது. அன்னைக்கு அலை அதிகம், ரீடிங் தப்பிப்போச்சுன்னு எழுது. கணக்கைத் திருத்திக் குடுத்துருவோம். அந்த எடைமேடைக்காரனுக்கும் பாஸ் வந்துரும், ஒனக்கும் வேலை நிக்கும். அலைக்கு வாய் கிடையாதுல்லா. வந்து இல்லைன்னு சொல்லவா போவுது?"

இதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. கத்துவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்துத் தயாராகியிருந்தேன். நயினாரும் தப்பித்து நானும் தப்பிக்கிற ஒரு வழியைக் காட்டுவார் என்று நினைக்கவில்லை. அலை என்ற இரண்டு எழுத்தை எழுதினால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. மேஜையில் பேனாவும் இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

பிறகு சர்வேயர் மூளைதான் வேலை செய்தது. அலையால் வரும் தவறு எந்தப் பக்கமும் போகும், எவ்வளவும் இருக்கும். அலை என்று எழுதினால், அப்படியானால் பாதி அலையாக இருக்கலாம், மீதிப் பாதி களவாக இருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பாஸ் திரும்பி வரும். அதோடு சந்தேகமும் ஒட்டிக்கொண்டு வரும். எடைமேடையில் உட்காரும் மனிதனுக்கு அது ஆயுள்வரை போதும். நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் மட்டும்தான் அவர் முழுச் சுத்தமாக வெளியே வருவார். பாதி உண்மை என்னைத்தான் காப்பாற்றும், அவரை இல்லை.

இதைச் சொன்னேன்.

"அலை இல்ல அண்ணாச்சி. அன்னைக்குத் தண்ணி தட்டுல ஊத்தின மாதிரி கெடந்துச்சு. நான்தான் போகல."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் ஹார்பர் கிரேன்களின் தலைகள் தெரியும். திரும்பாமலே பேசினார். சரக்கு வாங்கிய இந்த வாடிக்கையாளரோடு பதினைந்து வருட உறவு என்றார். போய்விடும் என்றார். வீட்டில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தால் போதாதா, அடுத்தவன் பிழைப்பிலும் கை வைக்க வேண்டுமா என்றார். எல்லாம் நியாயம்தான். கடைசியில் குரல் இறங்கியது.

"நாப்பது வருசமா நானும் கரையில நின்னு கடலை எழுதினவன்தாம்ல. என்னைக்காவது ஒருத்தன் மாட்டுவான்னு தெரியும். நீ மாட்டிருக்க. நீயா போயி மாட்டுவன்னுதான் நெனைக்கல." கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வண்டியை எடு. நானும் வாரேன்."

சரக்கு வாங்கியவர்களின் அலுவலகத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டேன். படகில் போகவில்லை. பார்க்காமல் எழுதினேன். உண்மையான எண் படகுக்காரர் சேவியருக்குத் தெரியும். ஒருவர், ஏன் போகவில்லை என்று கேட்டார். கோயிலில் நன்றாகப் பேசினேன் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள், கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன் என்றேன். யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கப்பலின் அடித்தொட்டிகளிலிருந்து பாரத்துக்கு வைத்த தண்ணீரைப் பம்ப் போட்டு வெளியேற்றும்போது கப்பல் மெல்ல மெல்ல எழும். நின்று பார்த்தால் தெரியாது, எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். எனக்குள் அப்படி ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

சேவியர் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சொன்னார். அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்ட கப்பலுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். நான்கு நாளில் மேட் பதில் போட்டார்: அன்று காலை நான்கு கிரேனும் கரைப்பக்கம் திருப்பியிருந்தது, கரைப்பக்கச் சாய்வு கப்பல் பதிவேட்டில் உள்ளது, தானும் சரியாகக் கவனிக்கவில்லை. என் கணக்கை ஒதுக்கிவிட்டு எடைமேடைக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். நயினாரின் பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்மேல் குற்றமில்லை என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னது முத்துமாலை அண்ணாச்சி.

6. கதவு

அந்தக் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே நயினார் வீட்டுக்குப் போனேன். பிறர் வாயால் அவர் கேட்கக் கூடாது. வாசலிலேயே நின்று சொன்னேன். முகத்தில் கோபம் இல்லை. கணக்குச் சரிபார்க்கிறவனின் முகம்தான் இருந்தது.

"அன்னைக்கு எந்தலையில கை வச்சியளே," என்றார். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஓங்கி அறையவில்லை. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் சாத்துவதுபோல் சாத்தினார். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல எனக்கு இடமே இருக்கவில்லை.

அண்ணாச்சி சொன்னதுபோல் அந்த வாடிக்கையாளர் போனார். ஹார்பரில் என்னை ஒரு வருடம் கப்பல் பக்கம் வரக் கூடாது என்றார்கள். அண்ணாச்சி என்னை உப்பளங்களுக்கு அனுப்பினார். ஏற்றுமதிக்குப் போகும் உப்பில் சாம்பிள் எடுத்து, ஈரம் பார்த்து, மூட்டையைக் கட்டிச் சீல் வைக்கிற வேலை. இருபது வருடச் சர்வேயருக்கு அது இறக்கம்தான். சபையிலும் செய்தி கொடுப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திக்கொள்கிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். தேவனிடம் அறிக்கை செய்தால் போதாதா, ஹார்பரில் போய்ச் சொல்லி நம் பெயரைக் கெடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஒரு வருடத்தை நினைத்தால் வருத்தம் வரவில்லை. உச்சி வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கும். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, உப்பு அள்ளும் பெண்கள் விரித்த சாக்கில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன். கடைசிப் பருக்கை வரை இறங்கும். முழங்கால் போட்டால் ஜெபம் வந்தது. கையில் எடுத்த உப்பு உப்பாக இருந்தது. சீட்டில் எழுதியதும் அதுவாகவே இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று தோன்றும்.

நயினார் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே பஸ்ஸில் வருவோம், அவர் முன்னால் ஏறுவார், நான் பின்னால். ஒரு நாள் கூட்டத்தில் எனக்கு உட்கார இடமில்லை. அவர் தன் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டு, பாதி ஆளுக்கு இடம் விட்டார். என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன்.

7. அந்தப் பக்கம்

வருடம் முடிந்து எனக்கு வந்த முதல் கப்பலும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. சபைக்கு அன்று வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, விடியும் முன்பே படகுத்துறையில் நின்றேன். சேவியர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்ஜினைச் சுண்டினார்.

கடல்பக்கத்தில் கப்பல் ஒரு பெரிய நிழல். கரையின் சத்தம் எதுவும் அங்கே வராது. லாரி இல்லை, போன் இல்லை, பாராட்ட ஆளில்லை. தண்ணீர் இரும்பைத் தொட்டு விலகித் தொட்டு விலகி, எண்ணின் காலைக் கழுவிக்கொண்டிருக்கும். அலை ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பொறுமையாகப் பார்த்து, நடுவை எடுக்க வேண்டும். அன்று மூன்று இடத்தையும் படித்து முடிக்க ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி போன் செய்து அவசரப்படுத்தவில்லை. இப்போது எங்கள் அலுவலகத்தில் ஆறு எண்ணுக்கும் நேரம் பதிந்த படம் வைக்காமல் அறிக்கை வெளியே போகாது. அது அவரே போட்ட விதி. புதிதாக வரும் சர்வேயர்களிடம் அதற்கான காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார், என் பெயரோடு. "இந்தப் பாதிரியாரு ஒரு நாள் கோட்டை விட்டாரு," என்று தொடங்குவார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

ஆண்டவரைப் பின்பற்றுவது பற்றி என்னிடம் இப்போது பெரிய செய்தி எதுவும் இல்லை. பின்வரிசையிலிருந்து இடையிடையே பேசக் கூப்பிட்டால் போகிறேன், சுருக்கமாகப் பேசுகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் எனக்கு முன்னால் நடந்து போகிற இடம் பெரும்பாலும் யாரும் பார்க்காத பக்கமாக இருக்கிறது. அங்கே போக ஒரு படகும், காப்பியை விட்டு எழுந்திருக்கும் மனதும் வேண்டும். போகாவிட்டால் அதற்குரிய விலையை வேறு யாரோ ஒருவர் கொடுப்பார். அவர் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருப்பார். இளையவர்களே, நேரமில்லை என்றால் நேரமில்லை என்று எழுதுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். வெற்றுக் கட்டம் யாரையும் கள்ளனாக்காது.

அந்த முதல் கப்பலின் சர்வே முடிந்து கரையேறும்போது போன் அடித்தது. எடைமேடையிலிருந்து. ஒரு வருடமாக அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை.

"அண்ணாச்சி, நயினார் பேசுதேன். லாரியை விடலாமா?" என்றார். பிறகு ஒரு கணம் நிறுத்தி, குரலில் துளி சிரிப்பை வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பக்கம் பாத்தாச்சா?"

இன்று வரை ஒவ்வொரு கப்பலுக்கும் அவர் இதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் லாரியை மேடையில் ஏற்றுகிறார். நானும் ஒவ்வொரு கப்பலுக்கும், சட்டை நனைந்து, உப்புத் தண்ணீர் உலராத கையோடு, அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

"பாத்தாச்சு நயினார். விடுங்க."